முன்கையில் கட்டும் பிஸ்டல்

ரோவீனா ப்ரூயிட் துப்பாக்கிக் கடைக்குள் வந்ததும் லானி பெக் எழுந்து தொப்பியைக் கழற்றினான். பிறகு கூரையைப் பார்த்தான். கடை முதலாளி ஹாய்ட் பர்க்கெட் கல்லாப் பெட்டியைப் பார்த்தார். கடையில் வேலை பார்க்கும் நான் என் பூட்ஸைப் பார்த்தேன். போன இலையுதிர் காலத்தில் வைக்கோல் கட்டும் இயந்திரம் ரோவீனாவின் இடது கையில் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் எல்லோரும் அவரிடம் மிகுந்த மரியாதையோடு வேறு எதையாவது பார்த்தபடிதான் பேசுகிறோம்.

"கூரையில என்னடா இருக்கு லானி? ஒழுகுதா?"

"இல்லங்க மிஸ் ரோவீனா. சும்மாதான்."

"சும்மா பார்க்கிறதுக்கு நான் இருக்கேன்ல, என்னைப் பாரு." அவர் காபிப் பானைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டின் இடது கை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. "ஹாய்ட், எனக்கு ஒரு துப்பாக்கி வேணும். கொயோட்டி வருது. இந்த வாரம் ரெண்டு குட்டி போச்சு. குட்டி போடுற காலம் இப்பத்தான் ஆரம்பிக்குது."

எங்கள் மிசௌரி மலைச்சரிவில் கொயோட்டி என்றால் நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. செம்மறிக்குட்டி என்றால் விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி வரும்.

"உங்க அப்பா ரைஃபிள் இருக்குமே?" என்றார் ஹாய்ட், கல்லாவிடம்.

"இருக்கு. தூக்கினா முன்பக்கம் கவுந்துடுது. நான் சுட்டா மண்புழுவைத்தான் சுடணும்." பிறகு விஷயத்தைச் சொன்னார். மந்தையிலும் நிலத்திலும் பாதி அவருடைய தம்பி கார்லண்டுக்கு. அவனுக்கு இனி ஆடே வேண்டாம். நாளைக்கு மந்தை மொத்தத்தையும் ஏலத்துக்கு அனுப்பிவிடலாம், அக்கா டவுனில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போகட்டும் என்கிறான். "ரெண்டு பேரும் கத்தினோம். கடைசியில, அறுபது கஜத்துல ஒரு பால் கேனை வெச்சு, யார் உதவியும் இல்லாம நீயா அடிச்சுக் காட்டு, அப்புறம் பேசலாம்னுட்டான். இன்னிக்கு மத்தியானம் இங்க வரச் சொல்லியிருக்கேன்."

"கார்லண்டு அப்படிப்பட்ட ஆள் இல்லையே," என்றான் லானி.

"நல்லவன்தான். அந்த மெஷினை ஆஃப் பண்ணதே அவன்தானே. அதுலேருந்து என்னை முட்டையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறான். நான் எதையாவது தூக்கினா ஓடி வர்றான். முட்டையா இருந்து எனக்குப் பழக்கமில்ல."

ஹாய்ட் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். அவர் முகத்தில், வாழ்நாள் முழுவதும் காத்திருந்த ரயில் கடைசியில் வந்துவிட்ட ஒரு பிரகாசம்.

"ஏமஸ்," என்றார் என்னிடம், "அந்தச் சின்ன ஏ.ஆர்.களை எடு."

அந்தப் பிரகாசத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல, இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

ஏ.ஆர். ரைஃபிளில் ஒரு குண்டு வெடித்ததும், அதில் கிளம்பும் வாயுவில் கொஞ்சம் திரும்பி வந்து உள்ளே இருக்கும் இரும்புக் கட்டையைப் பின்னால் தள்ளும். கட்டை போகிற போக்கில் காலித் தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வருகிற வரவில் அடுத்ததை உள்ளே தள்ளும். அழகான ஏற்பாடு. ஆனால் கட்டை பின்னால் போக இடம் வேண்டும், திரும்பி வர ஒரு ஸ்பிரிங் வேண்டும். இரண்டும் துப்பாக்கிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்க்குள் இருக்கின்றன. அந்தக் குழாயின் மேல்தான் தோளில் முட்டும் கட்டையை மாட்டுவார்கள். துப்பாக்கியை எவ்வளவு சிறிதாக்கினாலும் அந்தக் குழாயை மட்டும் வெட்ட முடியாது.

இங்கேதான் சட்டம் வருகிறது. குழல் பதினாறு அங்குலத்துக்குக் கீழே இருந்து, பின்னால் தோள்கட்டையும் இருந்தால் அது குட்டை ரைஃபிள். அதற்கு அரசிடம் தனியாகப் பதிவு, கைரேகை, காத்திருப்பு. தோள்கட்டை இல்லாவிட்டால் அதே சாமான் பிஸ்டல். வேட்டைக்காரர்கள் பிஸ்டல் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பின்னால் வெறும் குழாய் நீட்டிக்கொண்டு நின்றால் கன்னத்தில் இடிக்கிறது. அப்போது வந்தது பிரேஸ். ஒரு கை மட்டும் பயன்படுகிறவர்கள் முன்கையில் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டிய ரப்பர்ச் செருப்பு மாதிரி ஒன்று. நடுவில் பிளவு, அதைச் சுற்றி ஒரு பட்டை. பார்க்க ஒரு மாதிரி தோள்கட்டை போலவே இருக்கும். அது தற்செயல் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஹாய்ட் இந்தப் பிரேஸ் மாட்டிய பிஸ்டலைச் சுற்றியுள்ள இரண்டு மாவட்டத்துக்கும் விற்றிருக்கிறார். வாங்கியவர்கள் எல்லோருக்கும் இரண்டு கை. சிலருக்கு மூன்று இருக்குமோ என்று சந்தேகம் வரும், அவ்வளவு பிடித்துக்கொண்டு போவார்கள். இடையில் ஒரு காலத்தில் அரசு, இது தோள்கட்டைதான், பதிவு செய் என்றது. பிறகு நீதிமன்றம், வேண்டாம் என்றது. அந்தக் குழப்பத்தில் ஹாய்ட் ஒரு விதி போட்டார்: கடைக்குள் யாரும் தோள் என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் காபி கிடையாது. வாடிக்கையாளர்கள் துப்பாக்கியைத் தோளில் வைத்து, சுவரில் மாட்டியிருக்கும் எல்க் மான் தலையைக் குறி பார்த்து, "முன்கைக்கு நல்லா இருக்கு" என்பார்கள். நாங்களும் "முன்கைக்கு இது ஒண்ணுதான்" என்போம். இதில் யாரும் சிரித்ததில்லை. பத்து வருடம் சொன்னால் எதுவும் சிரிப்பாக இருப்பதில்லை.

இப்போது உண்மையிலேயே ஒற்றைக் கையோடு ஒருவர் வந்திருந்தார்.

நான் மூன்றை எடுத்து மேஜையில் பச்சைத் துணி விரித்து வைத்தேன். குண்டு இல்லை என்று ஒவ்வொன்றையும் திறந்து காட்டினேன். லானி காபியை விட்டுவிட்டு வந்துவிட்டான். எதையாவது வாங்கும் முன் சோதிப்பது எங்கள் ஊரில் ஒரு ஆளின் வேலை இல்லை.

"இந்தக் குட்டியை எடுத்துக்குங்க மிஸ் ரோவீனா," என்றான். "குழல் ஏழரை அங்குலம்தான். என்கிட்டயும் இதான் இருக்கு. லாரி சீட்டுக்குப் பின்னால வெச்சா பொண்டாட்டிக்கே தெரியாது."

"எனக்குப் பொண்டாட்டி இல்லையேப்பா. வேற என்ன இருக்கு அதுல?"

லானி யோசித்தான். "அதான் இருக்கு."

நான் விளக்கினேன். இந்தத் தோட்டாவை நீளமான குழலுக்காகச் செய்தார்கள். மருந்து முழுவதும் எரிந்து முடிக்க அதற்கு நீளம் வேண்டும். குழல் குட்டையானால் குண்டு வெளியே போன பிறகும் மருந்து எரிந்துகொண்டே இருக்கும். வேகம் குறைவு. மிச்சம் எல்லாம் குழல் வாயில் ஒரு தீப்பந்தாகவும் சத்தமாகவும் போகும்.

"எவ்வளவு சத்தம்?"

"லானி ஒரு தடவை காதை மூடாம லாரிக்குள்ளேருந்து சுட்டான்," என்றார் ஹாய்ட். "அன்னிக்கு என்னைப் போன்ல கூப்பிட்டு, நான் பேசினது எதுவும் கேக்கலன்னு வெச்சுட்டான்."

"கொயோட்டி?"

"அது நிதானமாத்தான் போச்சு," என்றான் லானி.

"சினையா இருக்கிற ஆட்டுக்குப் பக்கத்துல இதை வெச்சு வெடிச்சா, கொயோட்டிக்கு வேலையே இருக்காது. ஆடு தானா குட்டி போட்டுட்டு ஓடிடும்." குட்டையானதை ரோவீனா விரலால் ஓரமாகத் தள்ளினார். "அடுத்தது."

அடுத்தது பத்தரை அங்குலம். அதன் முன்பிடி குழலை முக்கால்வாசி மூடியிருந்தது, சூடு தொடாது. முதல் தோட்டாவை ஏற்றச் சுண்டி இழுக்கும் பின்பிடி இரண்டு பக்கமும் காது வைத்திருந்தது. மேலே சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி, ஒரு கண்ணை மூட வேண்டியதில்லை. ரோவீனா வாங்குகிறவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தார். மான் தலையைக் குறி பார்க்கவில்லை. பூட்டு விசையை விரலை மாற்றாமல் கட்டைவிரலால் தள்ள முடிகிறதா என்று பார்த்தார். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றும் பொத்தானை அழுத்திப் பார்த்தார். அது தரையில் விழுந்தது. "இது சேத்துல விழுந்தா?" என்றார். தட்டித் துடைத்தால் போதும் என்றேன். எடையைக் கையில் தொங்கவிட்டபடி கடையை ஒரு சுற்று நடந்து வந்தார்.

"ஒரு பால் வாளி கனம் கூட இல்ல. சரி, இதை ஒத்தக் கையால எப்படிச் சுடுறது?"

ஹாய்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பெட்டியிலிருந்து செய்முறைக் காகிதத்தை விரித்து, தேவாலயத்தில் வாசிக்கிற குரலில் சொன்னார். "மிஸ் ரோவீனா, இது உங்களுக்குன்னே செஞ்சது. இந்தப் படத்தைப் பாருங்க. முன்கையை இந்தப் பிளவுக்குள்ள விடணும். பட்டையைச் சுத்திக் கட்டணும். அவ்வளவுதான். துப்பாக்கி கையோட கையா ஒட்டிக்கும்."

"பட்டை எங்க?"

நாங்கள் மூவரும் பிரேஸைப் பார்த்தோம். பட்டை கோர்க்கும் துளை இருந்தது. பட்டை இல்லை. மற்ற இரண்டிலும் இல்லை.

பட்டை தொங்குவது அசிங்கமாக இருக்கிறது, எல்க்கைக் குறி பார்க்கும்போது கன்னத்தில் உரசுகிறது என்று வாங்குகிறவர்கள் குறை சொல்வார்கள். அதனால் பெட்டியைத் திறந்ததும் ஹாய்ட் முதல் வேலையாகப் பட்டையைக் கத்தரித்துவிடுவார். நல்ல வெல்க்ரோ, வீணாக்க மனம் வராது. எங்கள் கடையில் எந்தக் கம்பி, எந்தக் குழாய், எந்தக் கதவு கட்டப்பட்டிருக்கிறதோ, அதைக் கட்டியிருப்பது ஊனமுற்றவர்களுக்கான பட்டைதான். லானியின் நாய் அதில்தான் கட்டிக் கிடந்தது.

"நாயை அவுத்து விடுடா," என்றார் ஹாய்ட்.

"அது ஓடிடும்."

"அப்ப காபிப் பானை ஒயர்ல இருக்கிறதை அவுத்துக் குடு."

கடைசியில் விதைச் சோளச் சாக்கின் வாயிலிருந்து முழுசாக ஒன்று கிடைத்தது. நான் துளையில் கோர்த்தேன். ரோவீனா முன்கையைப் பிளவில் விட்டு, பிடியைப் பற்றினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டை மட்டும் கீழே தொங்கியது.

"இப்ப கட்டணும்," என்றார் ஹாய்ட்.

"எந்தக் கையால?"

ஹாய்ட் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். படத்தில் இருந்த மனிதன் ஏற்கெனவே கட்டிக்கொண்டு நின்றான். அவன் எப்படிக் கட்டினான் என்பதற்குப் படம் இல்லை. அவனுடைய மற்றக் கை படத்துக்கு வெளியே இருந்தது, இருந்ததோ இல்லையோ.

ரோவீனா பல்லால் முயன்றார். பட்டையின் நுனியைக் கவ்வி இழுத்தார். வெல்க்ரோ பிடிக்கும்போது கோட்டின் கம்பளியையும் சேர்த்துப் பிடித்தது. பிரித்து மறுபடி இழுத்தால் கை முறுகியது. மூன்றாவது முறை, வாயில் பட்டையோடு, "இது ஒத்தக் கைக்காரனுக்கு ரெண்டு கைக்காரன் செஞ்சது," என்று சொன்னார் என்று நினைக்கிறேன். பல்லுக்கு நடுவில் வந்தது.

லானியால் தாங்க முடியவில்லை. பாய்ந்து வந்து பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டான். "இந்தாங்க. ஆச்சு."

"ஆச்சு. இனிமே கொயோட்டி வந்தா முதல்ல உனக்குப் போன் பண்றேன். நீ வந்து கட்டிட்டுப் போ. அதுவரைக்கும் அதை உட்காரச் சொல்றேன்."

இருந்தாலும் கட்டியாகிவிட்டது, சுட்டுப் பார்க்கலாம் என்று கடைக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்குவாரிக்குப் போனோம். வாங்கும் முன் சுட்டுப் பார்க்க அங்கேதான் இடம். மண்மேட்டுக்கு முன்னால், அறுபது கஜத்தில், ஒரு மரக்கட்டை மேல் லானி தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பால் கேன்களை அடுக்கினான். எல்லோரும் காதுமூடி மாட்டிக்கொண்டோம். நான் மேகசினைச் செருகி, பின்பிடியை இழுத்து விட்டேன். ரோவீனாவால் செய்ய முடியாது. அவருடைய ஒரே கை துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இதை நான் அப்போது கவனிக்கவில்லை, அவர் கவனித்தார்.

அவர் கையை நீட்டிச் சுட்டார். ஆட்டைத் தூக்கிப் பழகிய கைதான். ஆனால் நீட்டிய கை என்பது ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பு. நுனியில் எவ்வளவு குறைந்த கனம் இருந்தாலும் அது ஆடும். சிவப்புப் புள்ளி கேனையும் மேட்டையும் எட்டத்தில் இருந்த ஓக் மரத்தையும் சுற்றிச் சுற்றி வந்தது. மேட்டில் மண் பறந்தது. கேன்கள் அப்படியே நின்றன. நான்காவது முறை விசையை இழுத்தார், ஒன்றும் ஆகவில்லை. காலித் தோட்டா பாதி வெளியே வந்து மாட்டிக்கொண்டிருந்தது. சோதிக்கக் கொடுக்கும் துப்பாக்கியில் நாங்கள் போடும் மலிவுத் தோட்டாவில் அது நடப்பதுதான். பின்பிடியை ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும்.

"இழுக்கணுமா?" என்றார்.

"ஆமா."

"எந்தக் கையால?"

நான் துப்பாக்கியின் வாய் மேட்டைவிட்டுத் திரும்பாமல் பிடித்துக்கொண்டேன். லானி மண்டியிட்டுப் பட்டையைப் பிரித்தான். அந்த நேரத்தில்தான் பின்னால் டீசல் சத்தம் நின்று, வண்டிக் கதவு சாத்துவது கேட்டது. கார்லண்ட் ப்ரூயிட் வந்து நின்றார். மாவட்ட அலுவலகத்தில் நில மதிப்பு போடுகிற வேலை, எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார். கடையிலிருந்து எடுத்த பெரிய மஞ்சள் காதுமூடியைத் தலையில் மாட்டியிருந்தார். தன் அக்காவை ஒருவன் பிடித்திருக்க, இன்னொருவன் அவிழ்ப்பதைப் பார்த்தார். மேட்டுக்கு முன்னால் முழுசாக நின்ற பால் கேன்களைப் பார்த்தார்.

"சரி," என்றார். குரலில் வெற்றி எதுவும் இல்லை. "பார்த்தாச்சு, ரோ. விடு. வா, வீட்டுக்குப் போலாம்."

"நீ சீக்கிரம் வந்துட்டே."

"எப்ப வந்தா என்ன? ரெண்டு ஆள் பிடிச்சும்..." மிச்சத்தை அவர் சொல்லவில்லை. கடைச் சுவர் மறைத்ததுபோக முன்பகுதி மட்டும் தெரிந்த வண்டியைப் பார்த்து நடந்தார்.

குளிர் காற்றில் ரோவீனாவின் மூக்கு சிவந்திருந்தது, அது காற்றால்தானா என்று நான் பார்க்கவில்லை, ஏனென்றால் மறுபடி பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லானி," என்றார். "உன் லாரியில இருக்கிறதும் இதே சாமான்தானே?"

"ஆமாங்க."

"பட்டை இருக்கா?"

"நாய் கழுத்துல இருக்கு."

"அப்ப நீ எப்படிச் சுடுவே?"

லானி ஹாய்ட்டைப் பார்த்தான். ஹாய்ட் வானத்தைப் பார்த்தார். ஒரு பருந்து போய்க்கொண்டிருந்தது, அதை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்.

"முன்கைக்கு... நல்லா..." என்று தொடங்கினான் லானி.

"டேய். வாயால சொல்லாதே. செஞ்சு காட்டு."

மாட்டியிருந்த தோட்டாவை எடுத்து, மேகசினைக் கழற்றி, காலியாக அவனிடம் கொடுத்தேன். லானி ஒரு திருடனைப் போலச் சுற்றிலும் பார்த்துவிட்டு, பிரேஸைத் தோளில் அணைத்து, கன்னத்தைப் பதித்து நின்றான். அந்த நிலையில் அவன் மிகவும் இயல்பாக இருந்தான். பத்து வருடமாக அப்படித்தான் நிற்கிறான்.

ரோவீனா அவனையே பார்த்தார். "எல்லாரும் இப்படித்தானா?"

ஹாய்ட் இன்னும் பருந்தையே பார்த்தார்.

"ஹாய்ட், நான் உன்னைத்தான் கேக்கிறேன். காலையிலேருந்து என்னை நாயைக் கட்டுற மாதிரி கட்டுறீங்க. ஒருத்தன் கூடவா சொல்ல மாட்டீங்க? ஏமஸ், இப்படி வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

இப்போது இல்லை என்றேன். ஒரு வருடம் பயந்தோம், அது போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை.

ஹாய்ட் தொண்டையைக் கனைத்தார். "தோள்லதான் வைக்கிறோம் மிஸ் ரோவீனா," என்றார் மிக மெதுவாக. "எல்லாரும். நானும். ஆனா உங்களுக்கு... உங்களுக்குக் கை இப்படி இருக்கும்போது, சரியானபடி செய்யணும்னு நெனச்சேன்."

"இப்படின்னா எப்படி? நீங்க யாராவது பார்த்திருக்கீங்களா?"

அவர் ஊக்கைக் கழற்றி, கோட்டின் இடது கையை மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு உறுதியான கை இருந்தது. முனையில் அவரே பின்னிய சாம்பல் நிறக் கம்பளி உறை. "பாருங்க எல்லாரும். நல்லாப் பாருங்க. விரல்தான் இல்ல. கை இருக்கு. இதால தீவனத் தொட்டியைத் தள்ளுறேன், கேட்டைத் திறக்கிறேன், குட்டியை அணைச்சுக்கிறேன்."

பார்த்தோம். பார்த்தபோது எனக்கு எல்லாம் விளங்கியது, மடத்தனமும் சேர்த்து. காலையிலிருந்து குழல், விசை, மேகசின், பட்டை என்று எல்லாவற்றையும் சோதித்தோம். சுடப் போகிற கையைச் சோதிக்கவில்லை. மரியாதைக்காக.

அவருடைய அப்பாவின் ரைஃபிள் ஏன் கவிழ்ந்தது என்பதும் அதில்தான் இருக்கிறது. தோளில் முட்டும் துப்பாக்கி ஒரு பலகை மாதிரி. ஒரு முனைக்குத் தோள் தாங்கல், முன்னால் இடது கை தாங்கல். கனத்தின் நடுப்பகுதி இந்த இரண்டு தாங்கலுக்கும் இடையில் விழுந்தால் பலகை நிற்கும். இடது தாங்கலுக்கு அப்பால் விழுந்தால் கவிழும். நீளமான ரைஃபிளில் கனம் எங்கோ முன்னால் இருக்கிறது. அவருடைய கை அந்த அளவுக்கு எட்டாது. இந்தக் குட்டைச் சாமானில் கனம் மேகசினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் கை எட்டும் இடம் அதற்குச் சற்று முன்னால், முன்பிடி தொடங்கும் இடம். சூடான குழலுக்கும் தீ வரும் வாய்க்கும் வெகு தூரம். இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் செய்துகொண்டிருந்தார்.

துப்பாக்கியை அங்கே இருந்த மர மேஜையில் வாய் மேட்டைப் பார்க்க வைத்தார். கம்பளி உறை போட்ட கையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு, வலது கையால் மேகசினைச் செருகினார். அதே கையால் பின்பிடியை இழுத்து விட்டார். யாரும் கிட்டே போகவில்லை. லானியின் கைகள் தாமாகவே எழுந்தன. ஹாய்ட் அவற்றைப் பிடித்துக்கொண்டார்.

ரோவீனா பிரேஸைத் தோளில் அணைத்தார். இடது கையை முன்பிடிக்குக் கீழே கொடுத்தார். துப்பாக்கி, அடுப்பில் வைத்த பானை போல அசையாமல் உட்கார்ந்தது.

முதல் குண்டு மரக்கட்டையைக் கிள்ளியது. இரண்டாவதில் கேன் குதித்து, தண்ணீர் வெள்ளையாகச் சிதறியது. பிறகு அவர் அவசரப்படாமல், வரிசையில் நின்ற மிச்சத்தையும் ஒவ்வொன்றாக விழத் தட்டினார். நடுவில் ஒருமுறை மறுபடி தோட்டா மாட்டியது. மேஜையில் வைத்து, அழுத்தி, இழுத்து, விட்டு, தொடர்ந்தார். சுட்டு முடித்ததும் பூட்டைப் போட்டு, மேகசினைக் கழற்றி, காலியா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

கார்லண்ட் வண்டிக் கதவைத் திறந்தபடி நின்றிருந்தார். ஏறியிருக்கவில்லை. நிதானமாகத் திரும்பி வந்து, ஹாய்ட் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்த செய்முறைக் காகிதத்தை எடுத்து வாசித்தார்.

"இதுல முன்கையில கட்டணும்னு போட்டிருக்கு, ரோ."

"போட்டிருக்கு."

"நீ தோள்ல வெச்சே."

"வெச்சேன். நீ உதவி இல்லாமன்னுதானே சொன்னே? காகிதத்துல இருக்கிறபடின்னு சொல்லலையே. காகிதத்துல இருக்கிறபடி சுடணும்னா ரெண்டு ஆள் வேணும், அதைத்தான் மொதல்ல பார்த்தியே."

கார்லண்ட் ஹாய்ட்டைப் பார்த்தார். "இது சரியா?"

"முழு மிசௌரியும் அப்படித்தான் சுடுது கார்லண்டு," என்றார் ஹாய்ட். ஒருமுறை சொன்ன பிறகு அவருக்கு அது பழகிவிட்டது போல் இருந்தது.

கார்லண்ட் உடைந்த கேன்களை வெகு நேரம் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவரும் அதை இப்போதுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "வலிக்கலையா?"

"குளிருது. அவ்வளவுதான்."

"ராத்திரியில கொயோட்டி வந்தா?"

"ராத்திரியிலயும் எனக்கு இதே கைதான் இருக்கும், கார்லண்டு. போன் எடு. ஏலக்காரனைக் கூப்பிடு. என் எதிர்ல கூப்பிடு."

அவர் போனை எடுத்து, காதுமூடிக்கு மேலேயே வைத்தார். "ஹலோ? கார்லண்டு பேசறேன்! நாளைக்கு ஆடு வரல! என்ன? சத்தமாப் பேசுங்க! ஹலோ?"

"காதுல இருக்கிறதக் கழட்டுடா," என்றார் ரோவீனா.

அவர் ஒரு பக்கம் தூக்கினார். "ஆமா, வரல. இல்ல, வேற யாருக்கும் விக்கல. எங்க அக்கா சுட்டுட்டா... ஆட்டை இல்லைங்க! ஆடெல்லாம் நல்லா இருக்கு. ஆமா. அவளே வெச்சுக்கிறா. இல்ல, அடுத்த மாசமும் இல்ல." போனைச் சட்டைப்பையில் போட்டார். "போதுமா?"

"போதும்."

ரோவீனா பின்வாசல் வழியாகக் கடைக்குள் வந்து பத்தரை அங்குலத்தை எழுதி வாங்கினார். அவர்மேல் வழக்கு எதுவும் உண்டா என்று ஹாய்ட் அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தார், அனுமதி வந்தது. தோட்டா மட்டும் நல்லதாகக் கொடு என்றார் ரோவீனா. பட்டை வேண்டுமா என்று லானி கேட்டான். உன் நாய்க்கு மாற்று வேண்டியிருக்கும், நீயே வைத்துக்கொள் என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தபோதுதான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கார்லண்டின் லாரிக்குப் பின்னால் ஆடு ஏற்றும் நீண்ட ட்ரெய்லர் மாட்டியிருந்தது. தரையில் புது வைக்கோல் கூடப் பரப்பியிருந்தது.

"நாளைக்குன்னுதானே சொன்னே?"

"வழியில... இருந்துச்சு. மாட்டிட்டேன்." கார்லண்டின் காது நுனி சிவந்தது. குவாரிப் பாதையில் திரும்ப இடமில்லை, பின்னாலேயேதான் போக வேண்டும். அவர் ஏறிப் பின்னால் எடுத்தார். ட்ரெய்லர் இடது பக்கப் பள்ளத்தைப் பார்த்தது. முன்னால் வந்து மறுபடி எடுத்தார். இப்போது வலது பக்க வேலியைப் பார்த்தது. லானி கையை ஆட்டி வழி காட்டினான், ஹாய்ட் வேறொரு வழி காட்டினார்.

"இறங்கு," என்றார் ரோவீனா.

"ரோ, இது ட்ரெய்லர், ரெண்டு..."

"இறங்குடா."

ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது எல்லாம் தலைகீழ். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடது பக்கம் போகும். இரண்டு கையும் மேலே பிடித்து ஓட்டுகிறவர்கள் இதில்தான் குழம்புவார்கள். அதற்கு ஒரே வழி, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் மட்டும் பிடிப்பது. அப்போது ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எந்தப் புத்தகத்திலும் இது ஒரு கை வேலை என்றுதான் இருக்கும்.

ரோவீனா கதவுக்கு வெளியே தலையை நீட்டி, அடிப்பக்கத்தைப் பிடித்து, காலி ட்ரெய்லரை ஒரே மூச்சில் பாதை முழுக்கப் பின்னால் கொண்டுபோனார். கார்லண்ட், மஞ்சள் காதுமூடி கழுத்தில் தொங்க, பக்கத்திலேயே நடந்து போனார். உதவிக்குக் கையை மட்டும் தூக்கவில்லை.